பிராஸ்பெக்டர்: ஒரே பெயர், வேறு வேறு படகுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேனோ (துடுப்புப் படகு) என்றாலே டூசி ஆற்றுப் படகுப் பந்தயமும் அதில் ஓடும் ஒல்லியான வேகப் படகுகளும்தான். என் மனசு முழுக்கக் கனடாவின் பிராஸ்பெக்டர் என்ற கேனோ மேல். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செஸ்ட்நட் கம்பெனி செய்த 16 அடி நீள பிராஸ்பெக்டரில், சிடார் மரப் பலகைமேல் கித்தானை இழுத்துக் கட்டி, நெசவு அடைபடப் பூச்சு தேய்த்து, பெயின்ட் அடித்திருப்பார்கள். அடிப்பாகம் இரு முனையிலும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் சுமையோடும் ஆற்றில் சட்டென்று திரும்பும்.

கம்பெனி 1970களின் கடைசியில் மூடிவிட்டது, அப்புறம் பல தயாரிப்பாளர்கள் அதே பெயரில் தங்கள் விருப்பப்படி படகு செய்கிறார்கள். டர்பன் பக்கத்து இனாண்டா அணையில் நான் ஓட்டிய ஃபைபர் பிராஸ்பெக்டருக்கு அடிப்பாகம் முனைகளில் வளையாமல் தட்டையாக இருந்தது. நேராக நன்றாகப் போகிறது, ஆனால் திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். நண்பரின் மரப்படகு பழைய வளைவை அப்படியே வைத்திருக்கிறது, துடுப்பை லேசாகச் சாய்த்தாலே போதும். கெவ்லார் என்ற லேசான செயற்கை இழையில் செய்த படகைவிடக் கனம்தான், சரி, இருக்கட்டும். கித்தான் கிழிந்தால் உரித்துப் புதிதாகப் போடலாம், உடைந்த விலாக்கட்டையையும் மாற்றலாம். நான் மரப்படகையே எடுப்பேன்.