வீட்டில் கேஸ் உலை கட்டுபவர்களுக்கு

கத்தி, உளி அடிக்க கேஸ் உலை கட்டுபவர்கள் பர்னரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள், உள்சுவரை விட்டுவிடுகிறார்கள். சூட்டைப் பிடித்து வைப்பதே அந்தச் சுவர்தான்.

10 இஞ்ச் விட்டம், 12 இஞ்ச் நீள இரும்புக் குழாய்க்குள் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட்டை (சூடு தாங்கும் பஞ்சு போன்ற விரிப்பு) இரண்டு அடுக்காகச் சுற்றினால் உள்ளே 6 இஞ்ச் கிடைக்கும். முக்கால் இஞ்ச் பர்னர் ஒன்று போதும். பிளாங்கெட்டை அப்படியே விடாதீர்கள், இழைத்தூசு நுரையீரலுக்குள் போகும். இழைகளை இறுக்கும் கொலாய்டல் சிலிக்கா திரவத்தைத் தெளித்துக் காயவைத்து, மேலே காஸ்டபிள் ரிஃப்ராக்டரி (சூடு தாங்கும் பூச்சுக் கலவை) பூசுங்கள். சாதாரண சிமென்ட் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். அடியில் ஹை அலுமினா பலகை (சூடு தாங்கும் பீங்கான் பலகை) கட்டாயம். இரும்பை இரும்போடு அடித்து ஒட்டும்போது தூவும் வெண்காரம் உருகிப் பட்டால் ஃபைபர் வெந்நீரில் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும்.

வீட்டு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார். பர்னர் காற்றை இழுக்க அது பத்தாது. 0–2 பார் ஹை பிரஷர் ரெகுலேட்டர், கேஸ் பீய்ச்ச 0.9 மி.மீ. மிக் டிப் (மிக் வெல்டிங் துப்பாக்கியின் முனை) வேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வேண்டாம், புகை விஷம்.

பர்னருக்குள் 'டப் டப்' என்றால் பிரஷர் குறைவு, அல்லது குழாய் சூடேறித் தீ பின்வாங்குகிறது. உலைவாயில் மஞ்சள் நாக்கு நீண்டால் கேஸ் அதிகம். சூடான இரும்பில் கருஞ்செதில் (ஆக்சைடு) கனமாக ஏறினால் காற்று அதிகம்.

மூடிய அறையில் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.