விமானத்தை அறுத்துச் செய்த சீப்பு

ஹனோய் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் எல்லோரும் படமெடுத்துக்கொள்வது வெளியே நிற்கும் விமானச் சிதைவுகளோடுதான். நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது, உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஓர் அலுமினியச் சீப்பு.

அமெரிக்காவுடன் நடந்த போரில் வடக்கு வியட்நாம் வீரர்கள், விழுந்த விமானங்களின் தகட்டை அறுத்துச் சீப்பும் மோதிரமும் செய்தார்கள். பாராசூட்டில் இறங்கும் வெளிச்சக் குண்டுகளின் உறையையும் விட்டுவைக்கவில்லை. விமானத் தகடு டூரலுமின் வகை: அலுமினியத்தோடு சுமார் 4 சதவீதம் செம்பு சேர்ந்தது. எடை குறைவு, உறுதி அதிகம், தேய்த்தால் வெள்ளியாக மின்னும். சரி, வடக்கிலிருந்து தெற்குப் போர்முனைக்கு ஆளும் ஆயுதமும் போன வழி, நம் ஊரில் ஹோ சி மின் பாதை என்று சொல்வது, ஓடிய ட்ருவோங் சோன் மலைக்காட்டில் பட்டறைக்கு எங்கே போவது? ரம்பத் துண்டு, அரம், குண்டுவீச்சுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு, அவ்வளவுதான். ஒவ்வொரு பல்லாக அறுக்க வேண்டும். பிறகு பிசிறு போகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் பிசிறு நின்றாலும் நீண்ட கூந்தலில் சிக்கி இழுக்கும். இத்தனைக்கும் பிறகு மேல்பட்டையில் சோடிப் பறவை, பூங்கொடி, தன் பெயர், காதலியின் பெயர், ஆண்டு என்று ஆணிமுனையால் கீறியிருக்கிறார்கள். எழுத்து கோணலாக ஓடுகிறது. பற்களோ நூல் பிடித்ததுபோல நிற்கின்றன.

அரசும் இந்த உலோகத்தைச் சும்மா விடவில்லை. ஹனோய்க்கு வந்த போர் எதிர்ப்பாளர்களுக்கு விமான அலுமினிய மோதிரங்கள் பரிசாகப் போயின. அது பிரசாரம், போர்க்காலத்தில் யார்தான் செய்யவில்லை? ஆனால் ஒருத்தியின் பெயரைக் கீறிய சீப்பை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் ஹூ டியெப் குளத்துக்குப் போனேன். சந்துக்குள் சந்தாக நுழைந்தால் வீடுகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். அதில் 1972 டிசம்பரில் விழுந்த பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் துண்டு துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த மாதம் 18 முதல் 29 வரை நடந்த குண்டுவீச்சில் 34 பி-52களை வீழ்த்தியதாக வியட்நாம் சொல்கிறது. அமெரிக்கா ஒப்புக்கொண்டது 15. குளத்தில் கிடப்பது, யாரும் சீப்புக்கு அறுக்காமல் விட்ட மிச்சம்.

பழைய நகரக் கடையொன்றிலும் இத்தகைய சீப்புகளைப் பார்த்தேன். எல்லாம் போர்க்காலத்தவை என்று கடைக்கார அம்மா அடித்துச் சொன்னார். அடுக்கியிருந்த அத்தனையிலும் ஒரே பறவை, ஒரே ஆண்டு, ஒரே பெண்ணின் பெயர். அத்தனை வீரர்களும் ஒருத்தியையா காதலித்தார்கள்? விலைகூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.