குழாய்ப் பணிக்கு எந்த பேட்டரிக் கருவி?
குழாய்களையும் வெப்பமூட்டிகளையும் பொருத்துகிறவர் கம்பியில்லாக் கருவி வாங்கும் முன், எந்த நிறுவனத்தின் பேட்டரி வரிசை என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒன்றின் பேட்டரி பெரும்பாலும் மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. கான்கிரீட்டைத் துளைக்கும் எஸ்டிஎஸ் டிரில்லுக்கு 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 90 வாட்-மணி ஆற்றல், எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்துத் திருகு முடுக்கும்போதோ 12 வோல்ட் கருவியின் குட்டைத் தலைதான் கைகொடுக்கும். வட்டத் துளை வெட்டும் பெரிய துளைவாள் மரத்தில் சிக்கினால் டிரில் மணிக்கட்டையே முறுக்கிவிடும் என்பதால், பக்கவாட்டுக் கைப்பிடியும், சிக்கியவுடன் மோட்டாரை நிறுத்தும் வசதியும் இல்லாததை வாங்கவே கூடாது. செப்புக் குழாய்களைத் தீயின்றி இணைக்கும் பிரஸ் கருவி விலை மிகுந்தது. அதில் இணைப்பியைக் கவ்வி அழுத்தும் தாடை ‘எம்’ (M) வடிவமா, ‘வி’ (V) வடிவமா என்பது பயன்படுத்தும் இணைப்பிகளோடு ஒத்திருக்க வேண்டும்.