ஹாலே நகரில் நாளுக்கு ஒரு வசனம்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் முகவரியைப் பதிவு செய்யப் போன அலுவலகத்தில் என் மதத்தையும் கேட்டார்கள். புராட்டஸ்டன்ட் என்று சொன்னேன். முதல் சம்பளச் சீட்டிலேயே சபை வரி பிடித்தமாகியிருந்தது. இங்கே சபை உறுப்பினர் கட்டும் வருமான வரியில் 9 சதவீத அளவுக்கு அரசே கூடுதலாக வசூலித்துச் சபையிடம் கொடுத்துவிடுகிறது. இரண்டு மாநிலங்களில் மட்டும் 8 சதவீதம். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது வரி, மக்களே. காணிக்கையை நீ தனியாக எடுத்துவை" என்றார். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துச் சபைக்கென்று தனிப்பானையில் போட்டுவைக்கிறவர் அவர். கை செய்யாததைக் காணிக்கை என்று அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. எனக்கு அப்போது அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியற்காலை ஐந்து மணிக்குச் சபை மணி அடிக்கும், பின்னாலேயே ஒலிபெருக்கியில் பாட்டு வரும். இரவு பக்கத்து வீட்டில் கீர்த்தனை தொடங்கினால் நம் வீட்டுத் தொலைக்காட்சி தானாக அணைந்துவிடும். பாய் விரித்து உட்கார்ந்து, சங்கீதம் வாசித்து, முழங்காலில் நின்று முடித்த பிறகுதான் சோறு. பக்தி என்று அதை யாரும் நினைத்ததில்லை. பல் தேய்ப்பதுபோல ஊரோடு நடந்த காரியம் அது.

ஹாலேயில் அந்த ஊர் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் இந்தப் பகுதியில் பெரும்பாலோர் எந்தச் சபையையும் சேராதவர்கள். நான் வேலை பார்க்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் காலை ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். குடியிருப்பு விதிப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜெபம் என்றால் அடுத்த வீட்டுக்காவது கேட்க வேண்டும். நாலரை மணிக்கு எழுந்து, உதடு அசையாமல், மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் ஜெபிப்பது எனக்கு ஜெபமாகவே தோன்றவில்லை. சத்தம் இல்லாவிட்டால் மனம் அடுப்பிலும் டிராம் நேரத்திலும் போய் நிற்கிறது.

ஊரிலிருந்து ஆலோசனைகள் வந்தன. வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்றும் ஞாயிறன்று ஐந்துமாக வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் ஒன்பது அதிகாரம் பாக்கி. சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்துக்குள் நுழையும்போது பாக்கி மலையாகியிருக்கும். அதற்குப் பிறகு கண் ஓடுமே தவிர எதுவும் உள்ளே போகாது.

இல்லத்தில் பார்வை மங்கிய ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய மேஜையில் நீல அட்டை போட்ட சிறிய புத்தகம் எப்போதும் கிடக்கும். ஒருநாள் காலை மாத்திரை கொடுக்கப் போனபோது, "இன்றைக்கு உரியதை வாசிக்கிறாயா?" என்று கேட்டார். நாளுக்கு ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதற்கேற்ற ஒரு புதிய ஏற்பாட்டு வசனம், கீழே ஒரு பாட்டின் சில அடிகள் அல்லது சின்ன ஜெபம். அவ்வளவுதான். என் ஜெர்மன் உச்சரிப்பை இரண்டு இடத்தில் திருத்திவிட்டு, "நாளைக்கும் வா" என்றார்.

அந்தப் புத்தகத்தின் பெயர் லோசுங்கன். இங்கிருந்து கிழக்கே, சாக்சனி மாநிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரிலிருந்து வருகிறது. மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்தவர்கள், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் உண்டாக்கிய ஊர் அது. 1727இல் அங்கே 24 ஆண்களும் 24 பெண்களும் ஒரு நாளின் மணிநேரங்களைப் பங்கிட்டு இடைவிடாத ஜெபத்தைத் தொடங்கினார்கள். அது நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மறு ஆண்டில் பிரபு நாளுக்கொரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது அச்சிலேயே வருகிறது. பிரபு சிறுவனாகப் படித்தது இதே ஹாலேயில். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் செய்துவந்த வேலையைப் பற்றிய பேச்சை அவர் கேட்டது இங்கேதான். எங்கள் குமரி மாவட்டத்து மயிலாடிக்கு 1806இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும் ஹாலேயில் படித்தவர். ஊரில் ஞாயிறு பள்ளியில் கேட்ட பெயரின் வேர் நான் தினமும் டிராமில் கடக்கும் நகரத்தில் இருந்தது என்று தெரிந்தபோது, அந்நியம் கொஞ்சம் குறைந்தது உண்மை.

பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப் போட்டு எடுக்கப்படுகிறது, அதுவும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. கேட்டதும் எனக்கு நம் புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை நினைவுக்கு வந்தது. ஆனால் நம் அட்டைகளில் கடிந்துகொள்ளும் வசனத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் ஆசீர்வாதம், எல்லாம் பெருக்கம். ஹெர்ன்ஹூட் சீட்டில் எரேமியா தீர்க்கதரிசியின் அதட்டலும் வரும். எனக்கு அதுதான் பிடித்தது. தினமும் தட்டிக்கொடுக்கப்படுகிற பிள்ளைக்கு எலும்பு உறுதியாகாது.

அம்மையாருக்காக வாசிக்கத் தொடங்கியதில் நான் எதிர்பாராத பலன் ஒன்று இருந்தது. எனக்கு மனமிருக்கிறதா என்பது கேள்வியே இல்லாமல் போனது. வறண்ட நாளிலும், வீட்டு நினைவில் நெஞ்சு அடைத்த நாளிலும், அவர் தலையணையை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். வாசித்ததை டிராமில் தமிழ் வேதாகமத்தில் தேடிப் பார்ப்பேன். மற்றவர்களைக் குளிப்பாட்டும்போதும் புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும் அந்த ஒரு வசனத்தையே மனதில் புரட்டுவேன். மூன்று அதிகாரம் ஓடி வாசித்த காலத்தில் எனக்குக் கிடைக்காத பொறுமை, கோபக்கார நோயாளியின் முன்னால் எனக்குக் கிடைத்திருக்கிறது. அம்மாவின் பிடியரிசியும் அப்போதுதான் விளங்கியது. அளவு சின்னது, ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் கை அங்கே போயாக வேண்டும்.

காலை ஷிப்ட் முடிந்தால் மாலை மூன்றரைக்கு ஊரில் இரவு எட்டு மணி; குடும்ப ஜெபத்துக்கு அழைப்பு வரும். கோடைக்காலத்தில் இங்கே நாலரை. அப்போது சுவர்களைப் பற்றிப் பயமில்லை, அப்பாவோடு சேர்ந்து சத்தமாகவே பாடுகிறேன்.

அம்மையார் இப்போது இல்லை. புத்தகத்தை நானே வாங்குகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் செவிலியர் சிலர் புதிதாக வந்தார்கள். சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஷிப்ட் அட்டவணையை விரித்தால் எல்லோருக்கும் பொதுவான ஒரு மணிநேரம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் ஹெர்ன்ஹூட்காரர்களின் வழியையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் ஒருவர் பொறுப்பு. அவரவர் ஷிப்டுக்கு ஏற்ற அரை மணி. அன்றைய வசனத்தையும் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதையும் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். நிரந்தர இரவு ஷிப்டில் இருக்கிற ஒருத்தி விடியற்கால மூன்று மணி இடைவேளையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மார்ச்சில் கோட்டயத்திலிருந்து வருகிற பெண்ணிடம் கேட்டிருக்கிறோம்.