மூணு தடவை ஓகேன்னு காட்டினாரு

நான் கடலுக்கடியில ஆளுங்களைக் கூட்டிட்டுப் போற டைவ் கைடு. அன்னிக்கு என்கூட இறங்கின கெஸ்ட்கிட்ட ஓகேவான்னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் விரலை வட்டமா மடக்கி ஓகேன்னு காட்டினாரு. நான் கட்டைவிரலைத் தூக்கினேன், தண்ணிக்குள்ள அதுக்கு சூப்பர்னு அர்த்தம் இல்ல, டைவ் முடிஞ்சுது மேல போறோம்னு அர்த்தம். அவரு வேண்டாம்னு தலையாட்டினாரு. நான் மறுபடியும் தூக்கினேன், அவரு கையைப் பிடிச்சேன், மேல வந்துட்டோம். நடந்தது இவ்வளவுதான், அரை நிமிஷம் கூட இருக்காது. ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் என்னால இதை விட முடியல.

பிளாக்ஜாக் டைவ் அது. பப்புவா நியூ கினியில கேப் வோகல் பக்கம் போகா போகா கிராமத்துக்கு எதிர்ல மணல்ல உக்காந்திருக்கிற பி-17 குண்டுவீச்சு விமானம். 1943 ஜூலையில போர்ட் மோர்ஸ்பியில இருந்து அப்ப ஜப்பான்காரங்க தளமா இருந்த ரபாவுலுக்கு குண்டு போடப் போனது, போற வழியிலயே வலது பக்க இன்ஜின் ரெண்டும் தகராறு பண்ணியிருக்கு, திரும்பி வர்றப்ப பெரிய புயல், எரிபொருளும் தீர்ந்துபோய் ரால்ஃப் டிலோச்ங்கிற பைலட் அதை அப்படியே கடல்ல இறக்கினாரு. பத்து பேரும் உயிரோட கரை ஏறிட்டாங்க. 1986ல டைவர்ஸ் அதைக் கண்டுபிடிச்சப்ப கிட்டத்தட்ட முழுசா இருந்துச்சு, இறக்கை, வால், துப்பாக்கி எல்லாம். ஆனா ஆழம் 46 மீட்டருக்கு மேல. பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 தான் எல்லைன்னு பாடத்துலயே இருக்கு, அதனால இந்த டைவுக்கு யாரைக் கூட்டிட்டுப் போறது யாரை விடறதுங்கிறது எப்பவும் கைடு தலையிலதான் விழும்.

அவரு விமான மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. மத்த கெஸ்ட் எல்லாம் காக்பிட் போட்டோ வேணும், டாப் டரட், அதாவது முதுகு மேல இருக்கிற துப்பாக்கிக் கூண்டு, அந்த போட்டோ வேணும்னு கேப்பாங்க, இவரு வலது பக்கம் கடைசி இன்ஜின், அந்த நாலாவது இன்ஜினோட புரொப்பல்லர் பிளேடை மட்டும் பாக்கணும்னாரு. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில ஒரு கரண்டியை வச்சு எனக்கு விளக்கினாரு. இன்ஜின் நின்னுபோச்சுன்னா பிளேடை காத்து கிழிச்சுட்டுப் போற மாதிரி திருப்பி வைப்பாங்களாம், ஃபெதர் பண்றதுன்னு பேரு, இல்லன்னா அது காத்துல சும்மா சுத்திக்கிட்டு விமானத்தைப் பின்னால இழுக்குமாம். தண்ணியில மோதுறப்ப சுத்திட்டு இருந்த பிளேடு ஒரு மாதிரி வளையும், நின்ன பிளேடு வேற மாதிரி வளையும், அதைப் பார்த்தா அந்தக் கடைசி நிமிஷத்துல பைலட் கையில எத்தனை இன்ஜின் இருந்துச்சுன்னு சொல்லிடலாம்னாரு. நான் அந்த விமானத்துல இருபது தடவைக்கு மேல இறங்கியிருக்கேன், ஒரு தடவை கூட அப்படி ஒரு கண்ணோட பார்த்ததில்ல.

வால் பக்கம் இறங்கினோம். ஏழாவது நிமிஷம் அது, பன்னெண்டாவது நிமிஷத்துலதான் கிளம்பணும்னு பிளான். அவரு சிலிண்டர்ல இன்னும் 130 பார் அழுத்தத்துக்குக் காத்து இருந்துச்சு, 5 மீட்டர்ல எக்ஸ்ட்ரா சிலிண்டரும் தொங்குது, பிளான்ல எந்தக் குறையும் இல்ல. ஆனா அவரு வால் துப்பாக்கியைப் பார்த்துட்டே நின்னுட்டாரு, நகரல. முன்னாடி போய் ஓகேவான்னு கேட்டேன், பதில் வந்துச்சு, ஆனா லேட்டா வந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவையும் லேட். மூணாவது தடவை மாஸ்க்குக்குள்ள அவரு கண்ணைப் பார்த்தேன், அது என்னைப் பாக்கல, எனக்குப் பின்னால எதையோ பாத்துட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.

நார்கோசிஸ்னு முடிவு பண்ணினேன். அந்த ஆழத்துல காத்து சுவாசிச்சா நைட்ரஜன் போதை மாதிரி ஏறும், கொஞ்சமோ நிறையவோ எல்லாருக்கும் ஏறும். இங்கதான் நான் மாட்டிக்கிறேன். எல்லாருக்கும்னா எனக்கும்தானே. பதில் லேட்டா வந்துச்சா, இல்ல என் தலை அதை லேட்டா வாங்குச்சா? எனக்குப் பின்னால என்னத்தையோ பாத்தாரே, அந்தப் பக்கம்தானே இறக்கை இருக்கு, அவரு தேடி வந்த இன்ஜினே அந்தப் பக்கம்தானே இருக்கு. பத்து பதினஞ்சு மீட்டர் மேல ஏறினாலே போதை இருந்த இடம் தெரியாது, ரெண்டு பேரும் தெளிவாயிட்டோம். அதுக்கப்புறம் யாரு மயக்கத்துல இருந்தாங்கன்னு எப்படி நிரூபிக்கிறது.

டீகோ, அதாவது உடம்புல ஏறின நைட்ரஜன் வெளியேற வழியில நின்னு நின்னு வர்றது, அதை முடிச்சுட்டு படகுல ஏறினதும் அவரு ஒண்ணும் கத்தல. ஃபின்ஸைக் கழட்டிட்டு, “எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துச்சு”ன்னாரு. நான், “இந்த விமானத்துல இதுவரைக்கும் ஒரு உயிர் கூடப் போகல சார், முதல் ஆள் நீங்களா இருக்க வேண்டாம்னு நினைச்சேன்”னேன். அந்த பதிலை எப்பவோ யோசிச்சு வச்ச மாதிரி பட்டுனு சொல்லிட்டேன், அதுதான் எனக்கு இப்ப உறுத்துது. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு சொன்னாரு: “அந்த பைலட் புயல்ல, கையில இருந்ததை வச்சு ஒரு முடிவு எடுத்தாரு. அது என்ன முடிவுன்னு பாக்கத்தான் நான் வந்தேன்.”

மறுநாள் கடல் சரியில்ல, போக முடியல. அதுக்கடுத்த நாள் அவரு கிளம்பிட்டாரு.

கேப்டன் நான் செஞ்சது சரின்னு சொன்னாரு, கூட வேலை செய்ற கைடும் அதையேதான் சொன்னான். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எந்தக் காரணமும் சொல்லாம டைவை முடிக்கலாம்ங்கிறது எங்க தொழில்ல முதல் விதி, நானே ஒவ்வொரு பிரீஃபிங்லயும் சொல்றதுதான். அங்க இருந்து ரோடு கிடையாது, ஏதாவது ஆச்சுன்னா போர்ட் மோர்ஸ்பிக்கே விமானம் பிடிச்சுதான் போகணும். 46 மீட்டர்ல ஒரு சந்தேகம் வந்தா அது ஒண்ணே போதும்னு இப்பவும் நம்புறேன். ஆனா அந்த விதி பயந்தவனைக் காப்பாத்த வந்தது, அடுத்தவன் ஆசையை முடிச்சு வைக்க நான் அதைப் பயன்படுத்திட்டேனோன்னும் தோணுது. உண்மையைச் சொல்லணும்னா அந்த மாசம்தான் எனக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம், ஒரு விபத்துன்னா என் வேலை என்ன ஆகும்ங்கிற நினைப்பு கீழ இருந்தப்பவும் எங்கயோ ஓடிச்சு. அவருக்காகப் பயந்தது எவ்வளவு, எனக்காகப் பயந்தது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்க முடியல. அடுத்த சீசன்ல ஒரு பொண்ணு, அவங்க பதிலும் அதே மாதிரி லேட்டா வந்துச்சு, நான் தூக்கப் போன கட்டைவிரலை மடக்கிட்டு காக்பிட் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன். அவங்க அவ்வளவு சந்தோஷமா வந்தாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, இவருக்குக் குடுக்காததை அவங்களுக்குக் குடுத்தது நியாயமான்னு ஒரு பக்கம், ரெண்டாவது தடவை செஞ்சதுதான் தப்போன்னு இன்னொரு பக்கம்.

கிளம்புறப்ப அவரு ஈமெயில் எழுதிக் குடுத்து, “முடிஞ்சா அந்த பிளேடைப் பார்த்து ஒரு வரி எழுது”ன்னு சொல்லியிருந்தாரு. போன டைவ்ல கெஸ்ட் யாரும் இல்லாம கூட ஒரு கைடோட போனேன், தண்ணிக்குள்ள எழுதற ஸ்லேட்டும் பென்சிலும் எடுத்துட்டுப் போனேன். நேரா நாலாவது இன்ஜினுக்குப் போய் பிளேடு ஒவ்வொண்ணா தொட்டு தொட்டுப் பார்த்தேன், ரொம்பத் தெளிவா புரிஞ்சுது, ஆமா இதுதான்னு சந்தோஷத்தோட எழுதினேன், எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

மேல வந்து ஸ்லேட்டைப் பார்த்தா “4 — சரி” அப்படின்னு மட்டும்தான் இருக்கு. கையெழுத்து என்னோடதுதான், ஒரு எழுத்து கூடக் கோணல் இல்ல. எது சரின்னு எழுதினேன்னு எனக்கே தெரியல. அவருக்கு மெயில் இன்னும் அனுப்பல.