ஷன்ட் இருக்கிறதா? வால்வு அட்டை இல்லாமல் எம்.ஆர்.ஐ.க்குப் போகாதீர்கள்

மூளையில் நீர் தேங்கியிருக்கிறது என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல் தெரியவந்து, ஷன்ட் வைத்தாயிற்று. அந்த நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய்தான் ஷன்ட்; எவ்வளவு இறங்க வேண்டும் என்று கட்டுப்படுத்த அதில் ஒரு வால்வு இருக்கும். ஆபரேஷன், தையல் பிரிப்பு எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. அலைச்சல் தொடங்கியது மூன்று வருடம் கழித்து, இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தபோதுதான்.

ஸ்கேன் சென்டரில் படிவத்தைப் பார்த்ததும் டெக்னீஷியன் கேட்டார்: "எந்தக் கம்பெனி வால்வு சார்? கார்டு இருக்கா?" டிஸ்சார்ஜ் சம்மரியில் "வி.பி. ஷன்ட் பொருத்தப்பட்டது" என்று ஒரே வரி. "இதை வச்சு உள்ள விட முடியாது சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் செய்தது சரி. வெளியிலிருந்தே அளவை, அதாவது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை, மாற்றக்கூடிய வால்வுக்குள் சின்னக் காந்தம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. காந்தம் சில வால்வுகளில் அதைத் திருப்பிவிடும். மூளையில் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் நீர் ஊறுகிறது. அதில் எவ்வளவு வயிற்றுக்கு இறங்க வேண்டும் என்பதை இந்த அளவுதான் தீர்மானிக்கிறது. அளவு குறைந்தால் நீர் அதிகமாக வடிந்து, மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தம் கசியலாம். கூடினால் பழையபடி நீர் தேங்கும்.

அடுத்து ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறை. "வால்வு விவரம் வேண்டும்" என்று கேட்டதற்கு அதே டிஸ்சார்ஜ் சம்மரிக்கு இன்னொரு நகல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் வீண். கேட்க வேண்டியது இதை: "ஆபரேஷன் தியேட்டர் நோட்ஸில் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்." பொருத்திய சாதனத்தின் பெட்டியிலிருந்து உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. கம்பெனி, மாடல், ரெஃப் எண், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஐ.பி. எண்ணும் அடையாள அட்டை நகலும் கையோடு கொண்டு போங்கள். ஆபரேஷன் இனிமேல்தான் என்றால், டிஸ்சார்ஜ் அன்றே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு இப்போது எந்த அளவில் நிற்கிறது என்பது ஸ்டிக்கரில் இருக்காது. ஒரு மாடலில் 1 முதல் 8 வரை, இன்னொன்றில் 30 முதல் 200 வரை என்று கணக்கு வேறுபடும். ஓ.பி. சீட்டில் எழுதியிருந்தால் சரி. இல்லையென்றால் வால்வை அளக்கும் கருவி அல்லது எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் வால்வு நேர் முகமாக விழ வேண்டும். எனக்கு முதலில் எடுத்த படத்தில் தலை சற்றுச் சாய்ந்திருந்ததால் உள்ளே இருக்கும் குறி கோடாகத்தான் தெரிந்தது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யை நியூரோ சர்ஜன் ஓ.பி. இருக்கும் நாளில் மட்டும் போடுங்கள். டாக்டர் இருந்தால் போதாது. உங்கள் வால்வுக் கம்பெனியின் கருவியும் அன்று அங்கே இருக்க வேண்டும். ஒரு கம்பெனிக் கருவி இன்னொரு கம்பெனி வால்வுக்கு உதவாது. போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் கிளம்பினேன். ஸ்கேனுக்குப் பிறகு பார்த்தபோது அளவு ஒரு படி நகர்ந்திருந்தது. தலைமேல் கருவியை வைத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள், வலியே இல்லை. 3 டெஸ்லா (எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமை) வரை அளவு மாறாதபடி பூட்டு உள்ள புது வால்வுகளும் உண்டு. அதற்காக ஸ்கேனுக்குப் பிந்தைய சோதனையை நீங்களாகவே விட்டுவிடாதீர்கள்.

செல்போன், ஹெட்போன், காந்த மூடி போட்ட உறை எதையும் வால்வு மேல் வைக்காதீர்கள். மறு காதில் பேசுங்கள். காலையில் எழும்போது தலைவலி, வாந்தி, அசதியான தூக்கம் என்றால் குழாய் அடைப்பாக இருக்கலாம். அன்றே போக வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் குறைந்தால் நீர் அதிகமாக வடிகிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு குழாய் போகும் வழியில் சிவந்தால் தாமதிக்கவே கூடாது.

இப்போது பர்ஸில் லேமினேட் செய்த அட்டை ஒன்று இருக்கிறது: கம்பெனி, மாடல், இப்போதைய அளவு, கடைசியாகப் பார்த்த தேதி. வீட்டு பீரோவில், உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த சி.டி. ஸ்கேன் சிடியும் இருக்கிறது, மேலே தேதி எழுதி. அவசரத்துக்குப் போகும்போது புதுப் படத்தை ஒப்பிட டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.