பிளஃப்: களைத்து நின்ற இடத்தில் ஓர் ஊர்

மான்யுமென்ட் வேலி பார்த்துவிட்டு மோவாப் பக்கம் போகிறவர்களில் பலர், வழியில் இருக்கும் பிளஃப் என்ற ஊரில் வண்டியை நிறுத்துவதே இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தென்கிழக்கு மூலை, செம்மணற்கல் குன்றுகள், அடியில் சான் வான் ஆறு. ஊரில் 250 பேர் இருந்தால் அதிகம். ஊர் வருவதற்குச் சற்று முன்னால் கோம்ப் ரிட்ஜ் என்ற பாறைத் தொடர் சேவல் கொண்டை மாதிரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. பாறையை வெட்டிப் போட்ட சாலையில் எங்கள் கார் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டது. அந்தப் பாறையின் கதை தெரிந்தபோது அந்த வேகம் என்னை உறுத்தியது.

மோர்மன்கள் என்ற கிறிஸ்தவ சமயப் பிரிவினர் 1847-இல் இதே யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியவர்கள். அங்கிருந்து நாலா பக்கமும் குடியேற ஆட்களை அனுப்பினார்கள். அப்படி 1879-இல் சான் வான் ஆற்றங்கரைக்கு ஏறக்குறைய 250 பேர், 83 கூண்டு வண்டிகளோடு புறப்பட்டார்கள். நவஹோ, யூட், பையூட் என்ற பூர்வகுடி மக்களோடு நல்லுறவு வைத்துக்கொள்ள வேண்டும், அந்த நிலத்தில் கால் ஊன்றவும் வேண்டும் என்பது அவர்களுடைய திருச்சபை கொடுத்த வேலை. அந்த நிலம் ஏற்கெனவே அம்மக்களுடையது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையை என்னால் கேட்க முடியவில்லை.

சுற்றுவழி நீளம் என்று குறுக்குவழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு வாரத்தில் போய்விடலாம் என்பது கணக்கு. ஆனால் எஸ்கலான்டே ஊரைத் தாண்டிப் பாலைவனத்தில் போனால், கொலராடோ ஆறு ஏறக்குறைய 1,000 அடி கீழே ஓடுகிறது. இறங்குவதற்குப் பாறையில் ஒரு பிளவு மட்டும் இருக்கிறது, அதுவும் ஆள் நுழையும் அளவுக்குத்தான். திரும்பலாம் என்றால் பின்னால் மலையெல்லாம் பனி மூடிவிட்டது. சரி, பாறையை உடைப்போம் என்று வேலையில் இறங்கிவிட்டார்கள்.

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் பெர்கின்ஸுக்கு வேட்டு வைத்துப் பாறை உடைக்கத் தெரியும். ஓரிடத்தில் சாலை போட இடமே இல்லாததால், செங்குத்துப் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஓக் முளைகளை அடித்து, அவற்றின் மேல் மரக்கட்டை, புதர், கல் எல்லாம் நிரப்பித் தொங்கலில் ஒரு பாதையே செய்தார்கள். 1880 ஜனவரி 26 அன்று முதல் வண்டி இறங்கியது. பின்சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டி, ஆட்கள் பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டே இறக்கினார்கள்.

ஸ்டான்ஃபோர்டு ஸ்மித் நாள் முழுக்க மற்றவர்களின் வண்டிகளை இறக்க உதவினார். கடைசியில் பார்த்தால் அவருடைய வண்டி மட்டும் மேலேயே நிற்கிறது, கயிறு பிடிக்க ஆள் இல்லை. மனைவி அரபெல்லா தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மூன்று குழந்தைகளையும் மேலே ஒரு போர்வையில் உட்கார வைத்து, அப்பா வரும்வரை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் கட்டிய குதிரையோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். குதிரை விழுந்தது. காலில் பெரிய காயத்தோடு அவரும் இழுபட்டுக் கீழே வந்து சேர்ந்தார். அப்புறம்தான் ஸ்மித் மேலே ஏறிப் போனார். குழந்தைகள் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகும் வழி முடியவில்லை. நாங்கள் காரில் கடந்த கோம்ப் ரிட்ஜை அவர்கள் அதன் தென்கோடியில், சான் வான் ஆற்றோரமாக ஏறினார்கள். ஒரு வண்டிக்கு ஏழு ஜோடிக் குதிரைகள் வரை பூட்டினார்கள். சில குதிரைகள் முழங்காலிட்டு விழும்போது மற்றவை இழுக்கட்டும் என்றுதான் அத்தனை. அவற்றின் முன்னங்கால் ரத்தமும் ரோமமும் பாறையில் ஒட்டிக் கிடந்ததாம். அந்த ஏற்றத்தில் இருந்த லெமுவேல் ரெட், வயதான பின்னும் அதை நினைத்தால் அழுதுவிடுவார் என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார்.

அதற்கு மேல் யாராலும் முடியவில்லை. போக வேண்டிய மான்டிசூமா க்ரீக் இன்னும் சில மைல் தொலைவுதான். ஆனாலும் 1880 ஏப்ரல் 6 அன்று வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். அந்த இடம்தான் பிளஃப். ஆறு வாரம் என்று கிளம்பியது ஆறு மாதமாகியிருந்தது.

அன்று கட்டிய கோட்டையை இப்போது திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். உள்முற்றத்தைப் பார்த்து வரிசையாக மரக்குடில்கள். அவற்றில் பார்ட்டன் குடும்பத்தின் குடில் மட்டும் பழைய அசல். காட்டன்வுட் மரம் நேராக வளராதது. அந்தக் கோணல் கட்டைகளைத்தான் அடுக்கியிருக்கிறார்கள், இடுக்கில் களிமண் பூச்சு. நான் விரலை வைத்துப் பார்த்தேன், முழு விரலும் உள்ளே போனது. குளிர்காலத்தில் இதற்குள் கைக்குழந்தையோடு எப்படித்தான் படுத்தார்களோ.

பாறையை வென்றவர்களை ஆறு விடவில்லை. வாய்க்கால் வெட்டுவார்கள், வெள்ளம் வந்து வண்டலால் மூடிவிடும். திரும்ப வெட்டுவார்கள். 1884 வெள்ளத்துக்குப் பிறகு பலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு மாடு வளர்ப்புதான் பின்னால் கைகொடுத்தது. இன்று ஊரில் பார்க்கும் அழகான கல்வீடுகள் அந்தக் காசில் வந்தவை.

மாலையில் குன்றின் மேலிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினோம். ஊரின் பிஷப் ஜென்ஸ் நீல்சன் அங்கேதான் இருக்கிறார். டென்மார்க்கில் பிறந்தவர். 1856-இல் கைவண்டி இழுத்துக்கொண்டு மேற்கே வந்தபோது பனியில் பாதங்கள் உறைந்து, மனைவி எல்சி அவரை அந்த வண்டியிலேயே ஏற்றி இழுத்திருக்கிறார். அந்தக் கால்களோடு ஏறக்குறைய 60 வயதில் இந்தப் பயணத்துக்கும் கிளம்பிவிட்டார். அங்கிருந்து பார்த்தால் கீழே ஆறு தெரிகிறது, கலங்கிய செம்பழுப்பு நிறத்தில், அதே வண்டலோடு.